பவளப்பாறைக்கு ஏற்ற களிம்பைத் தேர்ந்தெடுத்தவன் நான்

தாராவியில் தகரக் கொட்டகையில் தோல்பை தைக்கத் தொடங்கி, அதன்மேல் மாடி எழுப்பி, செம்பூரில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் வீடு வாங்கி, மகளை இன்ஜினியராக்கி, விஞ்ஞானிகள் குடியிருக்கும் அணுசக்தி நகரிலிருந்து மாப்பிள்ளையும் பிடித்தவன் நான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னை இழந்தது, நஷ்டம் அதற்குத்தான். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிற குடும்பம், அந்தமானில் என் மனைவி பவளப்பாறை பார்த்ததற்கு மட்டும் வேறொருவருக்கு மாலை போடுகிறது.

அவளுக்கு வெயில் ஆகாது; தோல் கொப்புளித்துவிடும். சன்ஸ்கிரீன் பூசாமல் வெளியே போகாதே என்று டாக்டர் கண்டிப்பு. படகுக்காரரோ, பவளத்தைக் கெடுக்கும் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்ததைப் பூசினால் கடலில் இறக்கமாட்டேன், ஜிங்க் களிம்பு கொண்டுவாருங்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டார். டிவியில் பார்த்த நாளிலிருந்து பவளத்துக்கு ஏங்கியவள், அறையில் உட்கார்ந்து ஏசி பார்க்கவா அவ்வளவு தூரம் போவாள்?

மாப்பிள்ளை ஒரு குப்பியோடு வந்தார்.

“மாமா, முன்னாடியே ‘ரீஃப் சேஃப்’னு போட்டிருக்கு. டென்ஷன் வேண்டாம்.”

“மாப்ள, ரெக்சின் பைக்கு ‘ஒரிஜினல் லெதர்’னு ஸ்டிக்கர் ஒட்டுன கை இது. முன்பக்கம் என்ன வேணும்னாலும் எழுதலாம். திருப்பிப் படிங்க.”

பொடி எழுத்தைப் படித்தவர் குப்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மகள் பிடுங்கிப் பார்த்தாள். “அப்பா, ஆக்டினாக்ஸேட் இருக்குப்பா!”

அன்றே எல்லோரையும் மாட்டுங்கா மருந்துக்கடைக்கு இழுத்துப் போனேன். கடைக்காரர் எடுத்துவைத்த ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் போட்டு மகளைப் படிக்கவைத்தேன். ஐந்தாவதில்தான் ஜிங்க் ஆக்ஸைடு மட்டும் இருந்தது. மனைவி கன்னத்தில் பூசிக் கண்ணாடி பார்த்தாள்.

“என்னங்க, அந்தமானுக்கா, பழனிக்கா? திருநீறு அப்புனாப்ல இருக்கே!”

“மீனு உன்னையப் பொண்ணு பாக்கவாடி வருது? பேசாம பூசு.”

அந்தமானில் படகுக்காரர் களிம்புக் குழாயின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். வெள்ளை முகத்தோடு கடலில் இறங்கியவளைத் திரும்ப ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று அடம்.

சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப்பில் அவள் படம் வந்தது. “மாமியாருக்கு நல்ல கிரீமாத் தேடிக் கொடுத்த மருமகன் வாழ்க” என்று என் கொழுந்தியாள் எழுத, மாப்பிள்ளை கும்பிடு பொம்மை போட்டு ஏற்றுக்கொண்டார்! மறுக்க ஒரு விரல் அசையவில்லை.

அந்தப் படத்தைத் திரும்பப் போடுங்கள். கீழே என் பெயரைப் போடுங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, இந்தியிலும் போடுங்கள்.