ஆமெனுக்கு விட்ட இடைவெளி

சோபாவுக்கு உறை மாற்றும் அந்த மனிதர் வேலை நேரத்தில் பேசமாட்டார். பேச வழியில்லை. ஒரு பிடி குட்டி ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டியெடுத்து ரெக்ஸினில் அடிப்பது அவர் பழகிய முறை. வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் தலையாட்டல்தான் பதில். நாளெல்லாம் அடக்கிவைத்த பேச்சு சபையில் ஜெபமாக வெளியே வரும்.

ஆரம்பத்தில் அது நல்ல ஜெபமாகத்தான் இருந்தது. ஒரு சாவு வீட்டில் வேறு ஆள் அகப்படாமல் இவரைச் சொல்லச் சொன்னார்கள். இவரும் திக்கித் திணறி நாலு வார்த்தை சொல்லி, பாதியில் அழுது, முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார். இறந்தவரின் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ஜெபம்தான்ணே எங்களத் தூக்கி நிறுத்துச்சு" என்றாள். அவள் மனசாரச் சொன்னாள். வினை அங்கேதான் பிடித்தது. வெறும் முகஸ்துதியாக இருந்திருந்தால் அன்றைக்கே செரித்துப் போயிருக்கும்.

அதற்குப் பிறகு வீடு குடிபோனால் அவர், கடை திறந்தால் அவர், காய்ச்சல் வந்தால் டாக்டருக்கு முன்னால் அவர். போதகர் ஒருநாள் மேடையிலேயே "நம்ம ஜெபவீரர்" என்றார். அந்தப் பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. யார் புகழ்ந்தாலும் "எல்லா மகிமையும் கர்த்தருக்கே" என்பார். பொய்யில்லை. கர்த்தருக்குத்தான் அனுப்பிவைப்பார். அனுப்புவதற்கு முன் சற்று நேரம் தன் கையிலேயே வைத்துக் குளிர்காய்வார், அவ்வளவுதான்.

வருஷங்கள் போகப்போக ஜெபத்துக்கும் உறை தைக்கக் கற்றுக்கொண்டார். எந்த இடத்தில் குரலை இறக்கினால் பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் எழும், எங்கே தழுதழுக்க வேண்டும், ஒரு வரி முடிந்ததும் ஆமெனுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எல்லாம் அத்துப்படி. இழுத்துப் பிடித்த ரெக்ஸின் மாதிரி ஒரு சுருக்கம் இருக்காது. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

வீட்டில் மட்டும் இந்தக் கீர்த்தி செல்லுபடியாகவில்லை. கூட்டம் முடிந்து நடந்து வரும்போது, போகிறபோக்கில் கேட்பதுபோல் மனைவியிடம் கேட்பார், எப்படி இருந்தது என்று. "நீளமா இருந்துச்சு" என்பாள். அவள் துணி வெளுக்கும் கடையில் இஸ்திரி போடுகிறவள். சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும்.

அவருக்கும் அலுத்துத்தான் போயிருந்தது. புகழ் லீவே இல்லாத வேலை. ஆனாலும் யாராவது கூப்பிட மறந்தால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்.

அப்படி இருக்கையில் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்துவிடலாம், ஆனால் கட்டி குரல் நரம்பை ஒட்டி இருக்கிறது, குரல் எப்படித் திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். சபையார் ஆளாளுக்கு ஒரே ஆறுதலைச் சொன்னார்கள்: ஜெபவீரர் வீட்டிலேயே இருக்கும்போது உங்களுக்கு என்ன கவலை சிஸ்டர்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மாலை, வார்டில் அவளே கேட்டாள், ஒரு ஜெபம் பண்ணுங்க என்று. அவர் எழுந்து நின்றார். படுத்திருப்பவளுக்குக் கேட்க அவ்வளவு குரல் தேவையில்லை. பக்கத்துக் கட்டிலுக்கும் அதற்கு அடுத்த கட்டிலுக்கும் தேவைப்பட்டது. அங்கிருந்து அழகாக ஆமென் வந்தது. முடித்ததும் பக்கத்துக் கட்டில் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொடுத்துவைத்தவள் நீ என்று இவளிடம் சொன்னாள். அவர் மகிமையைக் கர்த்தருக்கு அனுப்பினார்.

மனைவி அவரை உட்காரச் சொன்னாள். கை எட்டும் தூரத்துக்கு வரச் சொன்னாள்.

"அது அந்தம்மாவுக்குப் பண்ணது. எனக்கு ஒண்ணு பண்ணுங்க. மெதுவா."

அவர் கண்ணை மூடினார். முதல் வரி வந்தது. வழக்கமான அளவுக்கு நிறுத்தினார். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அடுத்த வரி எங்கே போனதென்று தெரியவில்லை.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"நீ ஆமென் சொல்லல."

அவள் அவரையே பார்த்தாள். "எனக்குத் தொண்டையே இப்படி இருக்கு. நான் சொல்லாட்டி கர்த்தர் கேக்கமாட்டாராமா?"

அவர் மறுபடி கண்ணை மூடினார். அவள் கேலியாகச் சொல்லவில்லை, பயந்துபோய்க் கேட்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று பேசிய வாய், இந்த ஒரு கட்டிலுக்கு வறண்டு கிடந்தது. நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றபோது, கூச்சப்படும் அளவுக்கு அவருக்கு நிம்மதியாக இருந்தது.

காலையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். முடிந்ததும் போன் செய்கிறோம் என்றார்கள். கடை ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தான் இருந்தது. கால் அங்கே இழுத்துப் போயிற்று. பாதியில் கிடந்த ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார். அடித்துக்கொண்டே இருந்தபோது, அவள் குரல் போய்விட்டால் "நீளமா இருந்துச்சு" என்று சொல்ல இந்த உலகத்தில் ஆளே இருக்காதே என்று நினைத்தார். சுத்தியல் நின்றது. வாய் நிறைய ஆணி. திறந்தால் கொட்டிவிடும். அலங்காரம் பண்ண இடமில்லை, கேட்க ஒரு ஈ காக்கையும் இல்லை. அவளை விட்டுடாதீங்க, அவளை விட்டுடாதீங்க என்று உள்ளுக்குள் ஏதோ ஓடியது. அது ஜெபம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மூக்கு ஒழுகியதைப் புறங்கையால் துடைத்தார்.

குரல் திரும்பியது, ஆனால் பழைய குரல் இல்லை. கிழிந்த துணியை இழுப்பதுபோல் ஒரு கரகரப்பு. அந்தக் குரலில் அவள் முதலில் கேட்டது, ஜெபம் பண்ணினாரா என்பது. ஏதோ பண்ணியதாகவும் நன்றாகவே இல்லை என்றும் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தூங்கிப்போனாள்.

அவள் தேறி வந்த முதல் ஞாயிறு, போதகர் அவரை முன்னால் அழைத்தார். அவர் எழுந்து நின்றார். பழைய வரிகள் வரிசையாக வந்து நின்றன. எதையும் எடுக்கக் கூசியது. "நன்றி ஆண்டவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஆமெனுக்குக்கூட இடம் விடவில்லை.

வாசலில் கூட்டம் சூழ்ந்துகொண்டது. என்ன தாழ்மை, என்ன ஆழம் என்றார்கள். ரெண்டே வார்த்தையில் எங்கள உடைச்சிட்டீங்க பிரதர் என்று ஒருவர் கையை விடாமல் குலுக்கினார். அடுத்த வாரமும் இதே மாதிரி சுருக்கமாக வேண்டும் என்றார் போதகர்.

இருவரும் தெருமுனையை நோக்கி நடந்தார்கள். அவளுக்கு வேகமாக நடக்க முடியவில்லை. அவருக்கும்தான்.

"அவங்க சொன்னது இனிச்சுதா?" என்றாள், அந்தக் கரகரத்த குரலில்.

அவர் நாலு எட்டு நடந்தார்.

"இனிச்சுது," என்றார்.

அவள் பையைக் கை மாற்றிக்கொண்டாள். அவர் அதை வாங்கிக்கொண்டார்.