அப்பாவுக்குப் பிடிக்காத நடிகர்

ஆம்பூர் பஸ்ஸில் யாருடைய போனிலோ அந்தப் பழைய நடிகரின் குரல் கேட்டது. உடனே அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அம்மாவின் இளம்வயதில் அந்த நடிகர் சினிமா கதாநாயகன். நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் டிவி தொடரில் தாத்தாவாகியிருந்தார். அப்போதும் அம்மா பவுடர் பூசிக்கொண்டுதான் டிவி முன்னால் உட்காருவாள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை முடிந்து சுண்ணாம்பு வாடையோடு வரும் அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அந்தக் கெழவனப் பாக்க இன்னாத்துக்குடி பவுடரு?"

"அவரு இன்னா, என்னையா பாக்குறாரு?" என்பாள் அம்மா.

ஒருநாள் தொடரில் தாத்தா செத்துப்போனார். அம்மா தேம்பி அழுதாள். அப்பா சத்தமில்லாமல் போய் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிவந்தார்.

அடுத்த வாரமே அந்த நடிகர் இன்னொரு தொடரில் ஜட்ஜாக வந்தார்.

"இவன் சாவவே மாட்டானா?" என்றார் அப்பா.

அப்பா போய்ப் பல வருடமாகிறது. அவர் குரல் எந்தப் போனிலும் இல்லை. அந்த நடிகர்மேல் இப்போது எனக்குப் பொறாமை.