பதினான்கு நாடுகளும் ஒரு சுவரும்

இருபத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதியவள் அவள். டிரைவர்களுக்கு ‘டைம்டேபிள் அக்கா’. ஊரையெல்லாம் நேரத்துக்கு அனுப்பிவைத்தவள், தான் மட்டும் எங்கும் போனதில்லை. நாற்பத்தாறாம் வயதில் அது உறைத்தது. ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு கேட்டாள், எப்படியோ கிடைத்துவிட்டது. உலகம் சுற்றப் போகிறேன் என்றபோது டிப்போவே கைதட்டியது.

மறுநாளே சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரில் நான்கு சார்ட் பேப்பர்களை ஒட்டினாள். பதினான்கு நாடுகள். எந்த ரயில், எத்தனை நிமிட இடைவெளி, எங்கே எப்போது மழை, எல்லாம் கட்டம் கட்டமாக. அவளுக்குத் தெரிந்த வித்தை அதுதானே? ஆனால் முதல் நாட்டு விசாவுக்கு மூன்று வாரம் கூடுதலாகும் என்றார்கள். பின்னாலிருந்த பதின்மூன்று நாடுகளும் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தன. அழித்து எழுதினாள். இன்னும் மூன்று வாரம் என்றார்கள். மறுபடியும் அழித்தாள்.

விடுப்பு அவளுக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டு மாதம் கரைந்துபோனது. விடிந்தால் ஓரிடத்தில் கால் தரிக்காது. பையை அடுக்குவாள், பிரிப்பாள். பால் வாங்கப் போனவள் பஸ் நிறுத்தத்தில் நின்று, வண்டி நான்கு நிமிடம் தாமதம் என்று பல்லைக் கடிப்பாள். அங்கேதான் ஒருநாள் மீசைக்கார டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

“என்னக்கா, இன்னும் கிளம்பலையா?”

“நாளைக்குப்பா!”

வாய்க்கு வந்த பொய். அன்றிலிருந்து அந்தத் தெருப் பக்கமே அவள் தலைகாட்டவில்லை. காய்கறிக்கும் மருந்துக்கும் பின்சந்து வழியாகத் திருடி மாதிரி போய்வந்தாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அதிகம் பேசாதவர். ஒருநாள் அவள் நாற்காலி மேல் ஏறி நின்று ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்கே பொறுக்கவில்லை.

“ஏம்மா, நீ ஊரைச் சுத்தப் போறியா, இல்ல இந்தச் சுவத்தையே சுத்திக்கிட்டு இருக்கப் போறியா?”

“கிண்டல் பண்ணாதீங்க. அஞ்சாவது நாட்டு விசா வந்துடுச்சு, முதல் நாட்டோடது வரலை. எப்படிப் போறது?”

“வந்த ஊருக்குப் போ.”

“அது அஞ்சாவதுங்க!”

“யாரு சொன்னா அஞ்சாவதுன்னு?”

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடேயே டிக்கெட் எடுத்தாள். அந்த வாரமே கிளம்பிவிட்டாள்.

போன இடத்திலும் இருப்புக் கொள்ளவில்லை. துறைமுக ஊர், அவளைத் தெரிந்தவர் எவருமில்லை. எத்தனை மணிக்கு எழுந்தாலும் கேட்பாரில்லை, அதுவே அவளைப் பிடுங்கித் தின்றது. நான்காம் நாள் காலை, திரும்பி வருகிறேன் என்று சொல்லக் கணவரைக் கூப்பிட்டாள். கடையில் கூட்டம், அவர் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்துவிட்டு, சும்மா நிற்கவும் முடியாமல், எதிரே புறப்படவிருந்த படகில் ஏறினாள். எந்தத் தீவுக்குப் போகிறது என்றே ஏறிய பிறகுதான் கேட்டாள்.

அவர் திரும்பக் கூப்பிட்டபோது காற்றில் பாதி வார்த்தை பறந்தது.

“என்ன, ஏதாச்சும் அவசரமா?”

“ஒண்ணுமில்லீங்க. அப்புறம் பேசறேன், தண்ணி தெறிக்குது!”

எட்டு மாதம் சுற்றினாள். பதினான்கில் பார்த்தது நான்கு. சார்ட்டிலேயே இல்லாத இரண்டு வேறு. இப்போதும் யாராவது பயணத்தைப் பற்றிக் கேட்டால் அவள் முதலில் சொல்வது, “அன்னைக்கு இவரு போனை எடுத்திருந்தா மறுநாளே வீட்டுல இருந்திருப்பேன்” என்பதுதான்.