சாக்லேட் பிரவுன் பார்டர்

வீடு வாங்கப் போகிறேன் என்று யாராவது எங்கள் பாத்திரக்கடைக்கு வந்து சொன்னால், பட்டா இருக்கா பத்திரம் இருக்கா என்றெல்லாம் நான் கேட்கமாட்டேன். "இப்ப இன்னா மாசம்?" என்றுதான் கேட்பேன். சித்திரை, வைகாசி என்று பதில் வந்தால், "போய்ட்டு ஐப்பசியில வா" என்பேன். பால் காய்ச்ச வாங்கிய பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பொம்பளைக்கு இன்னா ஆச்சு என்கிற மாதிரி பார்ப்பார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு வீட்டை வாங்கி, அதே வீட்டை விற்றவள் நான். அந்தப் படிப்புக்கு எந்தக் காலேஜிலும் சீட்டு கிடையாது.

எங்கள் ஊர்ப் பஞ்சாங்கம் எழுதுகிறவருக்கும் வீட்டு புரோக்கருக்கும் ஏதோ சொந்தம் இருக்கவேண்டும். யோசித்துப் பாருங்களேன். ஆடியில் வீடு என்ற பேச்சையே எடுக்கக்கூடாது. ஆவணி முழுக்கக் கல்யாண மொய். புரட்டாசியில் குடி போகக்கூடாது. ஐப்பசி தீபாவளிச் செலவோடு போய்விடும். கார்த்திகையில் மழை, சேற்றில் எவன் வீடு பார்க்க வருவான்? மார்கழி பீடை மாதம். ஆக, தை பிறந்த பிறகுதான் எல்லாருக்கும் வீட்டு ஆசை வருகிறது. வயலெல்லாம் காய்ந்து, ஏரி பாதியாகி, தெருவில் புழுதி பறக்கிற நேரம். வில்லியனூரைச் சுற்றிப் போட்டிருக்கிற நகர்களில் எந்த வீட்டையும் எவரும் மழையில் பார்த்ததே கிடையாது.

நாங்கள் வாங்கியது வைகாசியில். ஏரிக்குக் கீழே, வயலைத் தூர்த்துப் போட்ட நகர். "ஏரிக் காத்து அண்ணி, ஃபேனே வேணாம்" என்றான் புரோக்கர். என் வீட்டுக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினாலே தட்டிப் பார்த்து, கவிழ்த்துப் பார்த்து, காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிற பரம்பரை. தாய்ப் பத்திரம் வரைக்கும் தோண்டினார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். வக்கீல் இரண்டு பேரிடம் காட்டினார். வில்லங்கச் சான்றில் எல்லாமும் இருந்தது, ஏரி மட்டும் இல்லை.

வாஸ்து பார்க்க ஒருவர் வந்தார். செல்போனில் திசை காட்டுகிற ஆப்பை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் மூன்று சுற்று சுற்றினார். "ஈசானிய மூலையில தண்ணி இருக்கணும், இந்த வூட்டுக்கு அந்த யோகம் இருக்குது" என்று சொல்லி, வெற்றிலை பாக்கோடு தட்சணை வாங்கிப் போனார். மனுஷனைக் குறை சொல்லமாட்டேன். ஐப்பசியில் தண்ணீர் சரியாக அந்த ஈசானிய மூலை வழியாகத்தான் உள்ளே வந்தது.

அவரை விடுங்கள், என் கண்ணுக்கு எங்கே போனது புத்தி? ஹாலில் சுவரைச் சுற்றி முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வரை சாக்லேட் பிரவுனில் பார்டர் அடித்திருந்தார்கள். "ஐயோ, என்னா ரசனை பாருங்க" என்றேன். பிளக் பாயிண்டெல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தது. குழந்தைகள் கை வைக்காமல் இருக்க என்று நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். சமையலறையில் ஃபிரிட்ஜ் வைக்க இரண்டரை அடி உயரத்துக்குச் சிமென்ட் மேடை கட்டியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் சொக்கிப் போனேன். ஃபிரிட்ஜுக்குச் சிம்மாசனம் போடுகிற வீட்டில் மனுஷாளை எப்படி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். வீடே வாயைத் திறந்து, "ஏண்டி, என்னை நல்லாப் பாருடி" என்று கத்தியிருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

பால் காய்ச்சின அன்று எதிர் வீட்டம்மா வந்தாள். பாயசம் இரண்டு டம்ளர் குடித்தாள். "நல்ல வூடும்மா, கைராசியான வூடு" என்றாள். போகும்போது அந்த ஃபிரிட்ஜ் மேடையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். ஏன் தட்டினாள் என்று அப்போது தெரியவில்லை.

ஐப்பசியில் நான்கு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் காலையில் காபிக்குப் பால் வைத்துவிட்டுத் திரும்புகிறேன், கால் சில்லென்றது. ஏரி வழிந்து, வாய்க்கால் நிரம்பி, பழைய வயலைத் தேடிக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது. அது எங்களுக்கு முன்னாலேயே அங்கே குடியிருந்தது, பாவம், அதைக் கேட்காமல் நாங்கள் ரிஜிஸ்டர் பண்ணிக்கொண்டோம். பத்து மணிக்குள் முழங்கால். நாங்கள் சுத்த சைவம். எங்கள் ஹாலில், சாமி படத்துக்கு நேராக, ஒரு கெளுத்தி மீன் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறியது. பார்டரின் மேல் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்து கனகச்சிதமாக நின்றது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பான் என்பார்கள், எங்களுக்கு வீட்டை விற்றவன் முழு ஏரியையும் ஒரு டப்பா பெயிண்டில் மறைத்திருக்கிறான்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். அந்தம்மா மாடிப்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். "வருசா வருசம் வரும்போல இருக்குதே? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ கேக்கலியேம்மா" என்றாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில், "நீ நல்லா இருப்பியா? உன் வாய் அழுவிப் போவ" என்று தெருவே கேட்கச் சபித்தேன். அவள் கோபப்படவில்லை. "உள்ள வந்து உக்காரு, கால் ஊறிப்பூடும்" என்றாள். அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடும் தன்னை விற்கக் காத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருத்தி வாயைத் திறந்தால் பதினாறு வீட்டு விலையும் சேர்ந்து மூழ்கிவிடும். அதனால் எல்லாருமே பாயசம் குடித்துவிட்டு, கைராசியான வூடு என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆறு வருஷம் அங்கே இருந்தோம். தை மாதம் எல்லாரும் வீட்டுக்கு வெள்ளை அடித்தால் நாங்கள் பார்டர் அடிப்போம். தண்ணீர் விட்டுப்போன கோட்டுக்கு மேல் இரண்டு கோட்டிங். ஆறாவது ஐப்பசியில் என் வீட்டுக்காரர் ஹால் தண்ணீரில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டிலோடு நாலு பேர் தண்ணீரில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போனார்கள். பிளேட் வைத்த கால். ஆஸ்பத்திரியில் வைத்தே, "இன்னொரு மழைக்கு இந்த வூட்ல இருக்கமாட்டேன்டி" என்றார். அவர் எதற்கும் கண் கலங்குகிறவர் இல்லை. அன்று கலங்கினார். வீட்டை விற்றுவிட்டுக் கடை மாடிக்கே போவதென்று முடிவானது.

அதே புரோக்கரைத்தான் கூப்பிட்டோம். அவனுக்கும் அந்த வீட்டை நன்றாகத் தெரியும், விலாசம் சொல்ல வேண்டியதில்லை. "சித்திரையில காட்டுவோம் அண்ணி" என்றான். சாம்பிராணி போடச் சொன்னான். ஜன்னலையெல்லாம் திறந்துவைக்கச் சொன்னான். "தண்ணியப் பத்தி நீங்களா எதுவும் சொல்லாதீங்க. கேட்டா மட்டும் சொல்லுங்க. நாம பொய் சொல்லப் போறதில்ல."

தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்துப்போனது. கேட்டால் சொல்லிவிடுவது. சாமி மேல் சத்தியமாகச் சொல்லிவிடுவது. கேட்கவில்லையென்றால் அது அவர்கள் தலையெழுத்து. நெற்றியில் குங்குமத்தோடு நானே எனக்கு அருள்வாக்குச் சொல்லிக்கொண்டேன்.

முதலில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் வந்தார். மாடிப்படி எத்தனை என்று எண்ணினார். பதினெட்டா, பத்தொன்பதா என்று இரண்டு முறை ஏறி இறங்கினார். லாபம், நஷ்டம் என்று மாற்றி மாற்றி எண்ணி ஏறினால் கடைசிப் படி நஷ்டத்தில் முடிகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். படிக்குப் பதில் அவர் சுவரைப் பார்த்திருந்தால் கணக்கு இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அடுத்து வந்தது ஒரு சின்ன ஜோடி. பையன் திருபுவனையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பெண்ணுக்குப் பண்டசோழநல்லூர், அப்பா அம்மா இரண்டு பேரும் கூலிக்கு நடவு, அறுப்பு என்று போகிறவர்கள். பைக்கில் வந்தார்கள். இடுப்பில் பத்து மாதப் பெண் குழந்தை. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. நகையெல்லாம் வீட்டுக்கென்று ஏற்கெனவே போய்விட்டது என்று அதிலேயே தெரிந்தது. அவர்கள் இரண்டு பேர் குடும்பத்திலும் சொந்தப் பத்திரம் என்று ஒன்றைக் கையில் வாங்கப்போகிற முதல் ஆட்கள்.

பெண் ஒவ்வொரு அறையாகப் போனாள். தரையைத் தொட்டுப் பார்த்தாள். சமையலறையில் போய் நின்றவள், "அக்கா! ஃபிரிட்ஜுக்கு மேடையெல்லாம் கட்டியிருக்கீங்க, சூப்பரா இருக்குது" என்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் நின்ற அதே இடத்தில் நின்றாள்.

"முன்னாடி இது நெல்லு வயலாக்கா?"

"ஆமாம்மா."

"அதான், மண்ணு நல்லா இருக்குது. வாசல்ல மல்லி வெச்சா சும்மா புடுங்கிக்கினு வரும்."

வயலில் வளர்ந்த பெண். இன்னும் ஒரே ஒரு கேள்வி, அதைக் கேட்டுவிட்டால் என் பாரம் இறங்கிவிடும். கேளுடி, கேளுடி என்று மனசுக்குள் கும்பிட்டேன். அவள் குழந்தையை இறக்கி விட்டாள். அது வழவழவென்ற டைல்ஸில் தவழ்ந்து போய், பார்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரவுன் பெயிண்டைக் கையால் தட்டிச் சிரித்தது. "எங்க வூட்ல சாணி மொழுகுன தரைக்கா. இங்க இவள பயமில்லாம கீழ வுடலாம்" என்றாள் அந்தப் பெண்.

"இந்தா பாரும்மா" என்று ஆரம்பித்தேன். சத்தியமாக ஆரம்பித்தேன். ஹாலில் என் வீட்டுக்காரர் பிளேட் வைத்த காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் அப்படியே திசை மாறியது.

"டைல்ஸ் வழுக்கும்மா, பாத்து" என்றேன்.

ஆனியில் ரிஜிஸ்டர் ஆனது. சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தப் பெண் என் காலில் விழுந்து கும்பிட்டாள். நல்லா இருங்க என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

அந்த ஐப்பசியில் நாங்கள் கடை மாடியில் இருந்தோம். மழை ஐந்து நாள் பிடித்தது. என் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, இப்போது வாசல், இப்போது ஹால், இப்போது பார்டர் என்று அளந்துகொண்டே இருந்தேன். அந்தக் குழந்தை தரையில் தவழ்வது மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. போன் நம்பர் இருந்தது. பண்ணவில்லை. பண்ணி என்ன கேட்பது?

மழை விட்டு ஒரு வாரம் கழித்து அவள் கடைக்கே வந்தாள். நான் அடுக்கி வைத்த அண்டாக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். பாத்திரம் எடுக்கிற மாதிரி குனிந்தேன். அவள் நேராக அங்கேயே வந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

"பாப்பாவ எங்கம்மா வூட்ல வுட்டுட்டேன். ஈரம் காயட்டும்னு" என்றாள் அவளே.

அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பிடித்துத் திட்டப்போகிறாள், கடை வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றப்போகிறாள் என்று காத்திருந்தேன். தூற்றட்டும், அதற்குத்தானே பிறந்தேன் என்று நினைத்தேன்.

"ஏங்க்கா சொல்லல?" என்றாள், மெதுவாக.

என் வாயிலிருந்து, நான் கூப்பிடாமலே, எதிர் வீட்டம்மாவின் வார்த்தை வந்தது. "நீ கேக்கலியேம்மா."

நான் சபித்த மாதிரி அவள் சபிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கி, "வர்ற சித்திரைக்கு விக்கலாம்னு இருக்கோம். சுவத்துல கோடு விழுந்துபோச்சு. அந்த பார்டருக்கு இன்னா கலர்க்கா அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

அவள் திட்டியிருந்தால் நான் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

"சாக்லேட் பிரவுன்" என்றேன். "ரெண்டு கோட்டிங் அடிம்மா. ஒண்ணு அடிச்சா கோடு தெரியும்."

கேட்டால் சொல்வதாகத்தானே இருந்தேன். கேட்டாள், சொன்னேன்.