அக்கா இரண்டு முறை அளந்த மேடு

எங்கள் மாலைக் கல்லூரியின் புவியியல் வகுப்பில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்தோரு வயது. பகலில் குடிநீர் அலுவலகத்தில் வேலை. பதினான்கு வருடமாக வீடு வீடாகப் போய், குனிந்து, தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருபவர். ஆறு மணிக்குச் சீருடையோடே வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். பின்னால் உட்கார்ந்தால் தூக்கம் வந்துவிடுமாம்.

இரண்டாம் ஆண்டில் பேராசிரியை எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக் குடியிருப்பை இருவர் இருவராகப் பிரித்துக்கொண்டு வரைய வேண்டும். ஒருவர் நடந்து அளந்து பென்சிலால் வரைவார். மற்றவர் செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கம்ப்யூட்டரில் வரைவார். கடைசியில் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்காவுக்கு ஜோடியாக வாய்த்தவனின் பட்டப்பெயர் 'மௌஸ்'. கம்ப்யூட்டரில் புலி. அவன் இரண்டே மாலைகளில் தன் பங்கை முடித்துவிட்டான். அக்காவுக்கு மூன்று வாரம் ஆனது. கல்லூரி வராந்தாவில் டேப் வைத்து அளந்து, தன் நூறு காலடி நடை அறுபத்தெட்டு மீட்டர் என்று கண்டுபிடித்துக்கொண்டார். பிறகு தினமும் வேலை முடிந்ததும் இருபத்திரண்டு சந்துகளையும் எண்ணி எண்ணி நடந்தார். நடுவில் யாராவது நலம் விசாரித்தால் போச்சு, எண்ணிக்கை விட்டுப்போகும், திரும்ப முதலிலிருந்து.

ஒப்பிடும் நாளில் இரண்டு தாள்களையும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினோம். கீழ்ப்பகுதி கச்சிதமாகப் பொருந்தியது. மேலே போகப் போக அக்காவின் தெருக்கள் இரண்டு விரற்கடை நீண்டு வெளியே வந்து நின்றன. சிலர் சிரித்தார்கள். அழித்துவிட்டுத் தன்னுடையதைப் பார்த்து வரைந்துவிடலாம் என்று மௌஸ் காதோடு சொன்னான். அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான்.

"அழிக்கிறது பெரிய விஷயமா தம்பி? ஏன் நீண்டுச்சுன்னு தெரியணும்ல?" என்றார் அக்கா.

மறுநாள் டேப்போடு மேட்டுக்குப் போய் நூறு காலடி நடந்து பார்த்தார். ஐம்பத்தெட்டு மீட்டர்தான் வந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்க வாங்கக் காலடி குறுகியிருக்கிறது. அது அவருக்கே தெரியவில்லை. அடுத்த வகுப்பில் எழுந்து நின்று, தப்பு என்னுடையதுதான், மேட்டுச் சந்துகள் பதினொன்றையும் திரும்ப அளக்கப்போகிறேன், ஒரு வாரம் வேண்டும் என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

டேப்பைச் சரிவோடு படுக்க வைக்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும் என்று பேராசிரியை சொல்லிக்கொடுத்தார். மறுமுனையைப் பிடிக்க அக்காவின் கணவர் தையற்கடையைப் பூட்டிவிட்டு வந்தார். "இத்தனை வருஷம் இடுப்பளவு எடுத்தேன், இப்ப தெருவுக்கு அளவெடுக்க வெச்சுட்டா" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். ஆனால் டேப்பை ஓர் இழைகூடத் தொய்ய விடவில்லை.

திருத்திய படம் கம்ப்யூட்டர் படத்தோடு ஒட்டிக்கொண்டது, ஓரிடத்தைத் தவிர. மாவு மில்லுக்குப் பின்னால் அக்கா ஒரு சந்து போட்டிருந்தார். மௌஸின் படத்தில் அங்கே கூரைகள் மட்டும்தான். அங்கே வழியே கிடையாது என்று அவன் சாதித்தான். அக்கா வாதாடவில்லை, சனிக்கிழமை காலை அவனைக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு பக்கத்து வீடுகளின் தகரக் கூரைகளும் தலைக்கு மேல் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே ஓர் ஆள் கை வீசி நடக்கும் அகலத்தில் சந்து, மெயின் ரோட்டிலிருந்து நேராக மேல் தெருவுக்கு. அங்கே இருந்த நான்கு தண்ணீர் மீட்டர்களையும் அக்கா மாதாமாதம் பார்ப்பவர். மௌஸ் போனை எடுத்துப் பார்த்தான். அவன் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி மில்லுக்கும் ரோட்டுக்கும் தாவிக்கொண்டிருந்தது.

"மேலேருந்து பாத்தா இது தெரியவே தெரியாதுக்கா" என்றான். போனைப் பையில் போட்டுக்கொண்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்தான்.

இருவரும் சேர்ந்து போட்ட இறுதிப் படத்துக்கு வகுப்பில் இரண்டாவது இடம். அக்காவின் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அதற்கு மதிப்பெண் போய்விட்டது. அதைச் சொல்லி அவரே சிரித்தார்.

அந்தப் பகுதியில் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் நர்ஸ் ஒருவர் கல்லூரிக் கண்காட்சிக்கு வந்திருந்தார். மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில் விரல் வைத்தபடி படத்தின் முன் வெகுநேரம் நின்றார். மேல் தெருவுக்குப் போக ஆறு வருடமாகப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறாராம். ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். அக்கா அன்றே பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, மழை நாளில் அந்தச் சந்தில் பாசி வழுக்கும், இடது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.