விவசாய அமைச்சரிடம் கேட்ட விசா

முதல் பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு ஆசையே இல்லை. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அம்மாவின் விசாவை மறுத்துவிட்டார்கள். முன்பே விசா வாங்கி வைத்திருந்த அப்பா மட்டும் அமெரிக்காவில் நாங்கள் இருந்த வெஸ்ட் வின்ட்சருக்கு வந்து இறங்கினார். ஈரோட்டுப் பக்கம் கூட்டுறவுச் சங்கத்தில் குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவர். வெந்நீர் வைக்கக்கூட அம்மாவைத்தான் கூப்பிடுவார். எனக்கோ எட்டாம் மாதம்.

அந்தச் சமயம் பார்த்து, அமெரிக்க விவசாய அமைச்சர் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்குப் பேச வருவதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அப்பா உடனே கோட்டைத் தூசி தட்டினார்.

"விவசாயத்துக்கும் விசாவுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றேன்.

"ஒரே கேபினெட்டுதான கண்ணு? விசா மந்திரி காதுல ஒரு வார்த்தை போட்டு வெச்சா ஆச்சு."

இந்த ஊர் அமைச்சர்கள் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள் அல்ல, அதிபர் பொறுக்கி எடுக்கிறவர்கள், செனட் தலையாட்டினால் பதவி, அதிபருக்குப் பிடிக்காவிட்டால் வீடு என்று என் கணவர் வகுப்பே எடுத்தார்.

"அப்ப அவுரு பயப்படறது ஒரே ஆளுக்குத்தானுங்க மாப்ள?"

"ஆமாம் மாமா."

"அட, நம்மூரு மாதிரியேதானுங்க!" அப்பாவுக்கு நம்பிக்கை கூடிவிட்டது.

அரங்கத்தில் தோரணம் இல்லை, வாழ்க கோஷம் இல்லை. அமைச்சர் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அப்பாவுக்கு அங்கேயே பாதி மரியாதை போய்விட்டது. சோயா, மக்காச்சோளம் என்று பேச்சு நீண்டது. கேள்வி நேரம் வந்ததும் அப்பா மைக் முன்னால் போய் நின்றார். என் கணவர் நாற்காலியோடு நாற்காலியாக ஒட்டிக்கொண்டார்.

"சார், மை டாட்டர் இஸ் எக்ஸ்பெக்டிங். மை வைஃப்ஸ் விசா இஸ் ரெஃப்யூஸ்ட். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்."

சிலர் சிரித்தார்கள். அவர்களை எழுந்து போய் அறையலாம் போல இருந்தது. அமைச்சர் சிரிக்கவில்லை. அது வெளியுறவுத் துறையின் வேலை, அதில் தான் தலையிட முடியாது, வருந்துகிறேன் என்றார். அவ்வளவுதான், அடுத்த கேள்வி உரம் பற்றி.

காரில் அப்பா பொங்கினார்: "அத்தன பேரு முன்னால முடியாதுன்னு மொகத்துக்கு நேரா சொல்றான். இவனெல்லாம் ஒரு மந்திரி!"

அந்த மனிதர் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்கும் இருந்தது.

வீட்டுக்குள் நுழையும்போதே அம்மாவின் போன். ஸ்பீக்கரில் போட்டோம்.

"மந்திரியப் பாத்தீங்களா? என்னங்க சொன்னாரு?"

அப்பா என் வயிற்றைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டாரு. நீ கவலப்படாத."

"அப்படிச் சொல்லிட்டாருங்களா?" என்றாள் அம்மா. "அப்ப நடக்காதுங்க. பிரசவ லேகியத்தப் பார்சல்ல போட்டுடறேன். புள்ளைக்கு வேளாவேளைக்கு உருட்டிக் குடுங்க."