முட்டை விலையும் ஒரு மண்டல விரதமும்

அவித்த முட்டையின் மேல் நூலைச் சுற்றி இரு முனைகளையும் மெல்ல இழுத்தால், வெள்ளைக்கரு ஓசையின்றி வழிவிட, நடுவில் மஞ்சள்கரு மட்டும் நூலைச் சற்றே பிடித்துக்கொள்ளும். பிரிந்து விழும் இரு பாதிகளைவிட, அந்த நூலில் மாவைப் போல் ஒட்டியிருக்கும் மஞ்சளின் மணமே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக என் நாசியில் தங்கியிருக்கிறது. ஒரு பாதி அன்றைக்குத் தங்கை செல்விக்கு. மறுபாதி அடுத்த நாளைக்கு, அதுவும் அவளுக்கே. நூல் எனக்கு. அதைச் சப்பிவிட்டுக் கழுவிக் கொடியில் காயப்போடுவது என் வேலை.

எங்கள் ஊர் காரிமங்கலத்துக்குச் சற்றுத் தள்ளி, கேழ்வரகும் நிலக்கடலையும் மழையை நம்பி விளைந்த மேட்டுக்காட்டு ஊர். அப்பா உழவர், ஆயினும் விடியுமுன் குளித்து, திருநீறு பூசி, பதிகம் பாடிய பின்பே ஏர் பிடிப்பார். தீட்சை பெற்றவராதலால் முட்டையைக்கூடத் தொடமாட்டார். நாங்கள் உண்பதைத் தடுக்கவும் மாட்டார். கொல்லையில் முருங்கையடியில் மூன்று கல் கூட்டி, அதற்கென்றே ஒதுக்கிய கரிச்சட்டியில் அம்மா முட்டை அவிப்பார். வீட்டுக் கோழிகள் முட்டையிட்ட காலத்தில் முட்டைக்கு விலை என்று ஒன்று உண்டென்பதே எனக்குத் தெரியாது. வைக்கோற்போருக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாகக் கிடைப்பதற்குப் பெயர் முட்டை, அவ்வளவுதான்.

எனக்கு ஒன்பது வயதான கோடையில் "வெள்ளைக்கழிச்சல்" வந்து, சுற்றுப்பட்டு ஊர்களின் கோழிகளையெல்லாம் வாரிக்கொண்டு போயிற்று. அதே கோடையில் நெடுங்காய்ச்சலில் படுத்தெழுந்த செல்வி, ஐந்து வயதுக் குழந்தை, நடக்கத் தெம்பின்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரிமங்கலத்து நர்சம்மா அவள் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டு, தினம் ஒரு முட்டை தவறாமல் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினார். அன்றுமுதல், வைக்கோல் பரப்பிய கூடையைச் சுமந்து பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் முட்டைக்காரம்மாவின் குரலுக்காக வீடே காத்திருக்கத் தொடங்கியது. கோழி செத்த ஊர்களில் அவர் சொன்னதே விலை. வாரத்துக்கு வாரம் அது ஏறியது. முழு முட்டை பாதியானதும், வீட்டுக்குள் நூல் வந்ததும் அப்போதுதான்.

ஒரு காலை, தெருவில் கூடையை இறக்கி வைத்த முட்டைக்காரம்மாவிடம், போன வாரத்து விலைக்கே தரும்படி அப்பா தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கட்டாதுங்கண்ணா. நானே ஊரூரா அலஞ்சி பொறுக்கியாறேன்" என்றார் அவர்.

எதிர்வீட்டு ராசம்மா வாசல் பெருக்கியபடியே சிரித்தார். "வெடியக்காலம் சாமிப் பாட்டு, வெயில் ஏறினா முட்டை பேரமா? உங்க பக்தி நல்லாருக்குதுங்க!"

குடத்தோடு போன பெண்களும் சிரித்தார்கள். அப்பாவின் முகம் திருநீற்றுக்குக் கீழே கறுத்ததை நான் பார்த்தேன். இடுப்பில் முடிந்திருந்த காசின் மேல் வைத்திருந்த கையை எடுத்துக்கொண்டார். "எங்க வூட்ல இன்னியிலருந்து ஒரு மண்டலம் விரதம்மா. முட்டையே வேணாம், நீ கெளம்பு" என்றார்.

மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். உள்ளே வந்தவரிடம் அம்மா கேட்டார்: "கொழந்தைக்குமாங்க?"

"சொல்லியாச்சு."

"வெலைக்குப் பயந்து சொன்னதுதானுங்களே?"

"எதுக்குப் பயந்து சொன்னா என்ன? விரதம்னு வாயில வந்துருச்சு. சாமிகிட்டப் போயி, அது பொய்யின்னு சொல்லச் சொல்றியா?"

மானத்தைக் காக்கச் சொன்ன ஒரு சொல், சொல்லப்பட்ட கணத்திலேயே நேர்ந்துகொண்ட சொல்லாகிவிட்டது; வேறொரு வீடாயிருந்தால் மறுநாளே அதை மறந்திருப்பார்கள். அப்பா தம் பங்குக்கு ஒருவேளைச் சோற்றையும் விட்டார். கரிச்சட்டி முருங்கையடியில் கவிழ்ந்து கிடந்தது. செல்விக்குக் கேழ்வரகுக் கூழும் கீரையும் கிடைத்தன. அவளுக்காக நான் சுவரில் நாளுக்கொரு கரிக்கோடு போட்டேன். "இன்னும் எத்தினி நாளுண்ணா?" என்று காலைதோறும் கேட்பாள், உலர்ந்த நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே கேட்பாள்.

இருபத்தைந்து கோடு தாண்டியிருக்கும். அப்பா காட்டுக்குப் போயிருந்த வேளையில் முட்டைக்காரம்மா கொல்லைப்புறமாக வந்து, கீறல் விழுந்த முட்டை ஒன்றை வேலிக்கு மேலாக நீட்டினார். "விக்காதுடி இது. காசு வாணாம். புள்ளைக்கு அவிச்சிக் குடு, சாமி ஒண்ணும் கண்ணக் குத்தாது."

அம்மாவின் கை நீண்டது. முட்டை அவர் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. அப்போது, பாதிப் பதிகங்களை மனப்பாடம் செய்திருந்த கர்வத்தோடு, நான் சொன்னேன்: "அப்பாகிட்டச் சொல்லிருவேன்."

அம்மா என்னைத் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். எதுவும் செய்யாமல் முட்டையைத் திருப்பிக் கொடுத்தார். முட்டைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்த வயசுலயே சாமியாரா? நீ நல்லா இருப்படா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது வாழ்த்தன்று என்பது விளங்க எனக்குப் பல நாள் ஆகவில்லை.

முப்பத்தெட்டாம் கோட்டை நான் போட்ட காலை, செல்வி எத்தனை நாள் என்று கேட்கவில்லை. மீண்டும் வந்த காய்ச்சலில் கண்மூடிக் கிடந்தாள். வெயில் ஏறுமுன் போய்விட்டாள். முட்டை கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. யாரிடமும் நான் கேட்டதில்லை. அப்பா மிச்சமிருந்த பத்து நாளையும் பிசகாமல் முடித்தார். அவர் பாடிய பதிகத்தில் அதற்குப் பின் ராகம் இருக்கவில்லை, சொற்கள் மட்டும் இருந்தன. நான் அன்றிலிருந்து முட்டை உண்டதில்லை. ஊரார் அதையும் பக்தி என்றே சொல்கிறார்கள்.

இப்போது நான் என் மகன் வீட்டில், தருமபுரி நகரில் இருக்கிறேன். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். நாமக்கல் முட்டைகளை அடுக்கிய லாரிகள் தொப்பூர் கணவாய் ஏறி, எங்கள் ஊரை ஒட்டிய நெடுஞ்சாலை வழியே பெங்களூருக்கு இரைந்துகொண்டு போகின்றன. அட்டை அட்டையாக முட்டை வாங்கிய வீட்டில், விலை ஏற ஏறப் பன்னிரண்டு, பிறகு ஆறு என்றாயிற்று. ஆம்லெட் போய்ப் பொடிமாஸ் வந்தது, பொடிமாஸில் முட்டை குறைந்து வெங்காயம் மிகுந்தது. பின்பு இரண்டே முட்டையை உடைத்து ஊற்றிய குழம்பில் கரண்டி துழாவியது. பேத்தி யாழினி தனியார் பள்ளிக்குப் போகிறவள். அங்கே மதியம் முட்டை போடுவதில்லை.

சென்ற ஞாயிறு மதியம் அவள் தட்டைப் பார்த்துவிட்டு, "முட்டை எங்கம்மா?" என்றாள்.

"இன்னிக்கு விரதம்டா கண்ணு. தாத்தா சாப்பிடறாரா பாரு" என்றாள் மருமகள் சுதா.

கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். ஓர் ஆயுளாகப் பதிகம் பாடிய வாயால் முதன்முறையாகச் சொன்னேன்: "எனக்கு ஒரு விரதமும் இல்லம்மா. முட்டை அவி. எனக்கும் ஒண்ணு வை, நானும் சாப்பிடறேன்."

சுதா சமையலறை வாயிலில் நின்று, குழந்தைக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "இருந்தா வெச்சிருக்க மாட்டேனுங்களா மாமா? விரதம்னாச்சும் இருக்கட்டுங்க."

கரிச்சட்டி இல்லை, கரிக்கோடு போட்ட சுவர் இல்லை, வேலிக்கு மேலாக முட்டையை நீட்ட இந்தத் தெருவில் ஒரு கையும் இல்லை. யாழினி ரசச்சோற்றைப் பிசைந்தபடி என்னைப் பார்த்து, "எத்தனை நாள் விரதம் தாத்தா?" என்று கேட்டாள்.

அப்பாவின் விரதத்துக்கு நாற்பத்தெட்டாவது நாள் என்று ஒன்று இருந்தது.